சம்ப்புக்குள் ஒன்பது பாட்டு

'கிணற்றில் விழுந்த ஒருவர் உதவிக்குக் கூப்பிடுவதைப் போல ஒன்பது பாடல்கள். தயவுசெய்து யாரும் கயிறு போட வேண்டாம்.'

கலீம் இந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். டிராவல்ஸ் கவுண்டருக்கு எதிரே தம்மாம் டிக்கெட்டுக்காக நின்றிருந்தவர் மெதுவாகச் செருமினார். கலீம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவசரமாக டிக்கெட்டை அடித்து நீட்டினான். அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"தம்பி, எம் பேரு கொள்ளிடம்னு போட்டிருக்கு. பாஸ்போர்ட்ல அப்படி இல்லீங்களே."

கொள்ளிடம் என்பது விமர்சகரின் புனைபெயர். 'செவிப்பறை' என்ற இணைய இதழில் அவர் எழுதியிருந்த அந்தக் கட்டுரைதான் கலீமின் ராப் ஆல்பத்துக்கு உலகத்தில் வந்திருந்த ஒரே விமர்சனம். ஆல்பத்தின் பெயர் 'சம்ப்பு'. அப்படிப் பெயர் வைத்ததற்குக் காரணம், அதை முழுக்க முழுக்க ஒரு சம்ப்புக்குள் பதிவு செய்ததுதான்.

அந்த சம்ப்பு ஸ்ரீரங்கத்தில், அவனுடைய நண்பன் பிலோமின்ராஜ் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில் இருந்தது. பிலோமின்ராஜ் தில்லை நகரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு பார்க்கிறவன். தொட்டியைக் கழுவுவதற்காகத் தண்ணீரை வெளியேற்றியிருந்த சமயம் இருவரும் ஏணி வைத்து மைக்கோடு உள்ளே இறங்கிவிட்டார்கள். பேசினால் நான்கு சுவரும் திருப்பிப் பேசின. மேலே மோட்டார் உறுமியது. அந்த உறுமல்தான் தாளம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து, ஏன் இன்னும் தண்ணீர் விடவில்லை என்று கேட்டபோது, குளோரின் வாசம் போகட்டும் என்று காத்திருப்பதாகப் பிலோமின்ராஜ் தொட்டிக்குள்ளிருந்தே பதில் சொன்னான். அந்தப் பதிலும் ஐந்தாவது பாட்டில் இருக்கிறது.

பரிசோதனை முயற்சி என்பது இதுதான் என்று இருவரும் நம்பினார்கள். நம்பியது அவர்கள் மட்டும்தான் என்பது, ஆல்பம் வெளியான வாரத்தில் அதைக் கேட்டவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரிந்தது. அதிலும் பாதி கலீமே தன் போனிலும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் மாற்றி மாற்றிக் கேட்டது.

இதை யாரும் கேட்காவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட முடியாத நிலையில் அவன் இருந்தான். அவனுடைய அத்தா ஹனீஃபா ஷார்ஜாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்து, பாலக்கரையில் குடை ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பழைய சிநேகிதர் ஒருவர் மூலமாக மகனுக்கு அங்கே ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார். கலீம் போக மாட்டேன் என்றான். பாட்டு இருக்கிறது என்றான். ஹனீஃபா கோபப்படவில்லை. குடைக்கம்பி ஒன்றை நிமிர்த்திக்கொண்டே நிபந்தனை சொன்னார்.

"நம்ம சொந்தக்காரங்க இல்லாத ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, நல்லாருக்குன்னு சொல்லட்டும். நீ இங்கயே இரு. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அதுக்கப்புறம் ஷார்ஜா."

அன்று சாயங்காலம் கலீம் வீட்டுக்கு வந்து விமர்சனத்தை மனைவி ஆஃப்ரினிடம் காட்டினான். அவர்களுக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. ஆஃப்ரின் புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஊசி குத்துவதற்கு முன்னால் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லும் குரல் அவளுக்கு வீட்டிலும் உண்டு. ஆல்பத்தைக் கேட்டுவிட்டு அவள் 'கேட்டேன்' என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். ஷார்ஜா என்ற பேச்சு எழுந்தால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவள் கட்டுரையைப் படித்து முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"முழுசாப் படிச்சீங்களா? எதிரொலியில பாட்டு வரி ஒண்ணுமே காதுல விழலைன்னு சொல்லியிருக்காங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்லையே."

கட்டிய மனைவியே எதிராளி பக்கம் பேசுகிறாளே என்று கலீமுக்கு ஆத்திரம் வந்தது. டீயைக் குடிக்காமலே பைக்கை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி பிலோமின்ராஜ் வீட்டுக்குப் போனான்.

பிலோமின்ராஜ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இது ஒன்றும் பெரிய காரியமில்லை என்றான். ஒருவர் திட்டினால் இன்னொருவர் பாராட்ட வேண்டும். அந்த இன்னொருவர் இல்லையென்றால் உண்டாக்க வேண்டும். அவன் அப்போதே உட்கார்ந்து, 'முனைவர் மலர்க்கொடி' என்ற பெயரில் ஒரு பாராட்டுரையை எழுத ஆரம்பித்தான். பேராசிரியை என்றால் யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள் என்பது அவன் கணக்கு. புரிகிற மாதிரி எழுதினால் சந்தேகம் வரும் என்று புரியாத மாதிரியே எழுதினான். 'நீரற்ற தொட்டியில் நிறைந்து வழியும் நீர்மை' என்ற வரியை எழுதிவிட்டு, அதில் அவனே மயங்கி, அதையே நாலைந்து இடத்தில் போட்டான். செவிப்பறை இதழ் அதை மறுநாளே வெளியிட்டுவிட்டது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கொள்ளிடம் சும்மா இருக்கவில்லை. அடுத்த நாளே பதில் வந்தது. 'முனைவர் மலர்க்கொடி இந்த ஆல்பத்தைக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். கேட்டிருந்தால் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.'

பிலோமின்ராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. தனக்கு இல்லாத பட்டத்துக்காக அவன் இரவும் பகலும் கொதித்தான். மலர்க்கொடி பதில் எழுதினார். கொள்ளிடம் அதற்குப் பதில் எழுதினார். கல்லூரிப் பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். அப்படி என்னதான் பாட்டு என்று பார்க்க ஆட்கள் வந்தார்கள். பெங்களூரிலிருந்து கேட்டார்கள், கோலாலம்பூரிலிருந்து கேட்டார்கள். உறையூரில் டீக்கடையில் யாரோ ஒருவர் போனில் சம்ப்பு மோட்டார் உறுமுவதைக் கலீம் தன் காதாலேயே கேட்டான். டீ மாஸ்டர் யாருடைய வண்டி என்று எட்டிப் பார்த்ததையும் பார்த்தான்.

அத்தாவிடம் மலர்க்கொடியின் கட்டுரையைக் காட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஹனீஃபா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஒரு வார்த்தையும் புரியவில்லை, அதனால் பெரிய படிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றார். பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து கடையில் குடைகளுக்கு நடுவே மாட்டிவிட்டார். குடை ரிப்பேருக்கு வந்தவர்கள் எல்லாரும் நீர்மையைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

ஷார்ஜா பேச்சு இனி எழாது என்று கலீம் மூச்சு விட்டான். அன்று சாப்பிடும்போது ஹனீஃபா சொன்னார், எழுத்தில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், அந்தப் பேராசிரியை அம்மா வாயால் சொல்லி நான் கேட்க வேண்டும் என்று. கலீமுக்குப் புரை ஏறியது. ஆஃப்ரின் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"பி.எச்.டி. படிச்சவங்க ஒரே வார்த்தையை இத்தனை தடவையா எழுதுவாங்க?" என்றாள், கேள்வியை யாரிடமும் குறிப்பாகக் கேட்காமல்.

பேராசிரியைக்கு உடம்பு சரியில்லை என்று கலீம் அத்தாவிடம் சொன்னான். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு அவர் ஆரஞ்சுப் பழம் வாங்கிவிட்டார். உடம்பு தேறிவிட்டது என்று மறுநாள் சொல்ல வேண்டியதாயிற்று. உடம்பு தேறிய செய்தி எப்படியோ வீரமலையின் காதுக்குப் போய்விட்டது.

வீரமலை லால்குடிக்காரர். 'காவிரிக்கரைக் கலைக் கூடல்' என்று ஒரு அமைப்பை நடத்துகிறவர். எதையாவது நடத்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஸ்ரீரங்கத்தில் மேலச் சித்திரை வீதியில் ஒரு சிறிய அரங்கத்தைப் பிடித்துவிட்டதாகவும், மலர்க்கொடியும் கொள்ளிடமும் நேருக்கு நேர் விவாதிப்பார்கள் என்றும், பிறகு கலீம் பாடுவான் என்றும் அவர் நோட்டீஸே அடித்துவிட்டார். ஒரு நோட்டீஸை அவரே பாலக்கரைக்குப் போய் ஹனீஃபா கையில் கொடுத்தார்.

கொள்ளிடம் வருகிறாரா என்று கலீம் போனில் கேட்டான்.

"அதைப் பத்திக் கவலையே படாதீங்க தம்பி," என்றார் வீரமலை. "அவர் வர்றது என் பொறுப்பு. நீங்க அந்தம்மாவைக் கூட்டிட்டு வந்துடுங்க."

இல்லாத மலர்க்கொடியை எங்கிருந்து கூட்டிவருவது? பிலோமின்ராஜ்தான் வேணியைப் பிடித்தான். சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் மைக்கில் அறிவிப்பு செய்கிறவள் வேணி. நாற்பது வயது, கண்ணாடி, காட்டன் சேலை. பிலோமின்ராஜின் கல்யாண வீடியோக்களுக்கு இடையிடையே கவிதை வாசித்துக் கொடுக்கிறவளும் அவள்தான். எதை வாசித்தாலும் நம்பும்படி வாசிப்பாள். ராப் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை. யார் என்ன கேட்டாலும் 'அது பார்வையைப் பொறுத்தது' என்று சொல்ல வேண்டும், வேறு எதுவும் சொல்லக் கூடாது என்று பிலோமின்ராஜ் அவளுக்குப் பாடம் எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அரங்கம் வழக்கமாக உபன்யாசம் நடக்கிற இடம். வெளியே செருப்பு நிறைந்து கிடந்தது. உள்ளே முன்வரிசையில் ஹனீஃபா சலவைச் சட்டையும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் திருமண் இட்ட ஒரு பெரியவர். பாகவத உபன்யாசம் என்று நினைத்து வந்துவிட்டு, நோட்டீஸில் நீர்மை என்று கண்டதால் எழுந்து போகாமல் இருந்துவிட்டவர். பின்வரிசை முழுக்கக் கல்லூரிப் பையன்கள். கடைசியில் ஓர் ஓரமாக ஆஃப்ரின்.

மேடைக்குப் பின்னால் வீரமலை ஒருவரை அழைத்து வந்து, இவர்தான் கொள்ளிடம், இயற்பெயர் மருதை என்று அறிமுகப்படுத்தினார். வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசை, அகன்ற தோள். விரல்களெல்லாம் கறுப்புக் கறை, லேசான கிரீஸ் வாசம். எழுதி எழுதி மை ஏறிய விரல்கள் என்று கலீம் நினைத்துக்கொண்டான். தன்னைக் கிணற்றுக்குள் தள்ளிய மனிதரை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில் அவன் வணக்கத்தையே இரண்டு தடவை சொன்னான். மருதை அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார்.

இதில் என்ன உள்குத்து இருக்கிறது என்று கலீம் யோசித்துக்கொண்டே நின்றான்.

விவாதம் தொடங்கியது. வேணி மைக்கைப் பிடித்ததும் பழக்கதோஷத்தில், "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே," என்று ஆரம்பித்துவிட்டாள். அரங்கம் ஒரு கணம் திகைத்தது. கலையைச் சந்தைச் சரக்காக்கியதைக் குத்திக் காட்டுகிறார் என்று ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனுக்கு விளக்கினான். உடனே கைதட்டல் எழுந்தது.

பிறகு மருதை பேசினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தண்ணீர் இல்லாத தொட்டியில் எதற்கு இறங்க வேண்டும் என்று கேட்டார். தண்ணீர் இருந்தால் பாய வேண்டும், இல்லாவிட்டால் ஊற வேண்டும், வெறுந்தொட்டியில் நின்று கத்தி என்ன பிரயோஜனம் என்றார். இதற்கும் கைதட்டல். வேணி, அது பார்வையைப் பொறுத்தது என்றாள். மருதை கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தம்மா சொல்வது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

நாற்காலி தேய எழுந்த வீரமலை, சண்டை தீர்ந்துவிடக் கூடாதே என்ற கவலையில், எதிரொலியைப் பற்றி இருவரும் மாறுபட்ட கருத்தைச் சொல்ல வேண்டும் என்று கெஞ்சினார். மருதை, எதிரொலி என்றால் திருப்பி வருவதுதானே, நாம் என்ன போடுகிறோமோ அதுதான் வரும் என்றார். அதுவும் பார்வையைப் பொறுத்தது என்றாள் வேணி. ரொம்பச் சரி என்றார் மருதை. இத்தனை நாளாக இணையத்தில் அடித்துக்கொண்ட இரண்டு விமர்சகர்களும் மேடையில் அண்ணன் தங்கை போல ஆகிவிட்டார்கள்.

அப்போது திருமண் இட்ட பெரியவர் எழுந்தார்.

"அடியேனுக்கு ஒரு சந்தேகம். நீர்மைன்னு பிரயோகம் பண்ணியிருக்கேள். எங்க ஆசார்யர்கள், பெருமாள் எளியவாளோடயும் கலந்து பழகற குணத்தை நீர்மைன்னு சாதிப்பா. அந்த அர்த்தத்துலயா?"

பிலோமின்ராஜின் முகம் வெளிறியது. வேணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"அது பார்வையைப் பொறுத்தது."

"ஆஹா," என்று பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். "என்ன விநயம்."

தப்பித்தோம் என்று கலீம் நினைத்தபோது ஹனீஃபா எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். தொப்பியை ஒருமுறை சரிசெய்தார்.

"அம்மா, நான் பையனோட அத்தா. நீங்க எழுதினது எனக்குப் புரியல, அது எங்குறை. எம் பையன் பாட்டுல உங்களுக்குப் பிடிச்ச வரி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. போதும்."

"அது பார்வையை..." என்று தொடங்கிய வேணி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். ஹனீஃபா காத்திருந்தார். அரங்கமும் காத்திருந்தது. வேணியின் கண்கள் பிலோமின்ராஜைத் தேடின.

பிலோமின்ராஜுக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. பாட்டைத் தொடங்கிவிட்டால் கேள்வி அமுங்கிவிடும். ஆல்பத்தின் ஓசை அப்படியே வர வேண்டும் என்பதற்காக அவன் ஒரு நிஜ மோட்டாரையே மேடை ஓரத்தில் கொண்டுவந்து வைத்திருந்தான். ஓடிப்போய் சுவிட்சைப் போட்டான். மோட்டார் ஒரே ஒருமுறை உறுமியது. டப் என்று ஒரு சத்தம். ஃபேன், விளக்கு, மைக், ஸ்பீக்கர் எல்லாம் நின்றன.

ஜன்னல் வழியே சாயங்கால வெயில் மட்டும் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. கோபுரத்துப் புறாக்களின் சத்தம் கேட்டது. ஹனீஃபா இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

கலீம் மேடையின் நடுவுக்கு வந்தான். கையிலிருந்த செத்த மைக்கைக் கீழே வைத்தான். எதிரொலி இல்லாமல் தன் குரல் எப்படி இருக்கும் என்பதே அவனுக்கு மறந்திருந்தது. ஏழாவது பாட்டைப் பதிவு செய்த நாளில் அத்தா காதில் இது விழுந்தால் என்ன ஆகும் என்று பயந்துதான், சம்ப்பின் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று பாடினான். இப்போது அத்தாவைப் பார்த்தே தொடங்கினான்.

"அத்தா வந்தா அத்தர் வாசம்,
அட்டைப் பெட்டி மேல பாசம்.
கட்டின கயிறை அவுக்கும்போது
கைநடுக்கம் யாருக்குத் தெரியும்?

போன்ல வளர்ந்த புள்ள நாங்க,
போட்டோல சிரிச்ச மனுஷன் நீங்க.
லீவு கெடச்சு வீடு வந்தா
ரேங்க் கார்டை மட்டும் கேட்டுப் போனீங்க."

முதல் நாலு வரியில் குரல் பிசிறியது. அடுத்த நாலில் நின்றது. திருமண் பெரியவர் தன்னை அறியாமல் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். மருதை மேஜையைத் தட்டினார், கனத்த கை, மோட்டாரைவிட நன்றாக இருந்தது. பின்வரிசைப் பையன்கள் நாற்காலிக் கைகளில் தட்டி அதைப் பிடித்துக்கொண்டார்கள். தாளம் பின்னாலிருந்து முன்னால் வந்து மேடையில் ஏறியது. கலீமுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சுவர்கள் திருப்பிச் சொன்னதைவிட ஆட்கள் திருப்பிச் சொல்வது வேறு மாதிரி இருந்தது.

"மழைக்குக் குடை தைக்கிற கை
மணலுக்கு என்னைத் தள்ளலாமா?
நீங்க தொலைச்ச ஊரை அத்தா
நான் நடந்து தேடக் கூடாதா?"

ஹனீஃபா எப்போது உட்கார்ந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். பாட்டு முடிந்ததும் எழுந்த ஓசையில் புறாக்கள் மொத்தமாகப் பறந்தன. இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். ஒன்பது பாட்டையும் வரிசையாகப் பாடச் சொன்னார்கள். குளோரின் வாசம் போகட்டும் என்ற பதிலைக்கூடப் பிலோமின்ராஜை மேடைக்கு இழுத்துச் சொல்ல வைத்தார்கள். அதற்கும் தாளம் போட்டார்கள்.

எல்லாம் முடிந்தபின் மருதை வந்து கலீமை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்தார். நல்லாத்தான் இருக்கு தம்பி என்றார். தன்னை எழுத்தால் அறைந்த மனிதரே அணைத்ததில் கலீமுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஹனீஃபா முதலில் வேணியிடம்தான் போனார். அவள் பின்வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க சொல்லலேன்னாலும் பரவாயில்லம்மா. எனக்கே காதுல விழுந்துடுச்சு."

பிறகு மகனிடம் வந்தார். தோளில் கை போட்டார். அவர் அப்படிப் போட்டு கலீமுக்கு நினைவில்லை. வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் பேசினார். ஷார்ஜாக்காரருக்குத் தானே போன் செய்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். கலீமுக்கு அதற்குமேல் நெஞ்சில் பாரத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. அத்தா, அந்தப் பேராசிரியை வந்து, என்று இழுத்தான்.

"தெரியும்டா," என்றார் ஹனீஃபா. "அந்தக் குரல் சொல்லித்தானே போன வாரம் ரெண்டாவது மாடிக்குப் போயி கைலி எடுத்தேன்."

பாலத்தில் பைக்கில் வரும்போது கலீம் சத்தமாகச் சிரித்தான். பின்னால் உட்கார்ந்திருந்த ஆஃப்ரினும் சிரித்தாள். காவிரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரம் நடந்ததெல்லாம் அவன் கனவிலும் நினைக்காதது. யாரோ போனில் எடுத்த ஏழாவது பாட்டு வீடு வீடாகப் போயிற்று. கல்ஃபிலிருந்து முகம் தெரியாத ஆண்கள் அழைத்து, பேச ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி அழுதார்கள். எதிரொலி இல்லாமல் ஒன்பது பாட்டையும் மறுபடி பதிவு செய்ய ஒரு நிறுவனம் கேட்டது. டிராவல்ஸ் முதலாளி அவனைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைகளில் பாதி நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஹனீஃபா கடையிலிருந்த லேமினேட் அட்டையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மகன் பாடுகிற படத்தை மாட்டினார். சனிக்கிழமை செவிப்பறையில் கொள்ளிடமும் எழுதிவிட்டார். 'எதிரொலி போயிற்று. உள்ளே ஒரு மனிதன் இருந்திருக்கிறான். கேளுங்கள்.' அவ்வளவுதான் கட்டுரை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஃப்ரின் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கலீம் வாளியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிழிந்து கொடுத்துக்கொண்டே அந்தக் கட்டுரையை அவளுக்கு மனப்பாடமாகச் சொன்னான். ஒன்று மட்டும் தனக்கு விளங்கவே இல்லை என்றான். எழுத்தில் அத்தனை ஈவிரக்கமில்லாத மனுஷன், நேரில் எப்படி அவ்வளவு தங்கமானவராக இருக்கிறார்? முதல் நாளே நாலு நல்ல வார்த்தை எழுதியிருந்தால் இத்தனை பாடு உண்டா?

ஆஃப்ரின் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துக் கொடியில் மாட்டினாள்.

"நாலு நல்ல வார்த்தை எழுதியிருந்தா, அதோட மறந்துட்டுப் போயிருப்பாங்க. நீங்களும் இந்நேரம் ஷார்ஜாவுல இருந்திருப்பீங்க."

"அதுக்காக அப்படியா எழுதுறது?"

அவள் ஈரச் சட்டையை உதறி விரித்தாள்.

"அடுத்த ஆல்பத்தையாவது வெளியிடறதுக்கு முன்னாடியே எங்கிட்ட குடுங்க. போன தடவை அவசர அவசரமா எழுதினதுல, எனக்குச் சரியாவே திட்ட வரல."